1 சென்ட் ஸ்டாம்ப் 36 கோடி ரூபாய்க்குப் போனது எப்படி? யார் விலை போடுறாங்க, வாங்கினவங்களுக்கு லாபம் கிடைச்சுதா?

நீல நிறத்தில் ஒரு பழைய அமெரிக்க ஸ்டாம்ப். நடுவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் முகம், அதன் மேல் கறுப்பு மையில் போஸ்ட் ஆபீஸ் முத்திரை. கட்டைவிரல் நகத்தைவிட கொஞ்சம்தான் பெரிசு. 1868 வாக்கில் யாரோ ஒருவர் 1 சென்ட் கொடுத்து வாங்கி, கவரில் ஒட்டி அனுப்பியது.

2024 ஜூன் 14-ம் தேதி நியூயார்க்கின் ராபர்ட் ஏ. சீகல் ஏல நிறுவனத்தில் இந்த ஒரு ஸ்டாம்ப் 43 லட்சத்து 66 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது. அன்றைய மதிப்பில் சுமார் 36 கோடி ரூபாய். தனி ஒரு அமெரிக்க ஸ்டாம்புக்கு ஏலத்தில் அதற்கு முன்பு இவ்வளவு விலை கிடைத்ததில்லை.

செய்தி வந்ததுமே பலருக்கும் தோன்றிய கேள்வி ஒன்றுதான். 'நம்ம வீட்டு பரண்ல தாத்தா வச்சிருந்த ஸ்டாம்ப் ஆல்பம் கிடக்குதே, அதுல ஏதாவது தேறுமா?'

அந்தக் கேள்விக்குப் போவதற்கு முன்னால், இந்த 36 கோடி எப்படி வந்தது என்று பார்த்துவிடலாம். ஏனென்றால் இதே நீல நிறம், இதே ஃபிராங்க்ளின் முகம், இதே 1 சென்ட் ஸ்டாம்ப் வேறு ஒரு வடிவில் சில பத்து டாலருக்கே கிடைக்கிறது. வெறும் கண்ணால் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

சரி, அப்படி இதுல என்ன விசேஷம்?

ஸ்டாம்பைத் திருப்பிப் பார்த்தால்தான் விஷயம் புரியும். பின்பக்கக் காகிதத்தில் ஒரு சின்னச் செவ்வகத்துக்குள் புள்ளி புள்ளியாக அழுத்திய தடம் இருக்கும். மெல்லிய பேப்பரை சல்லடை மேல் வைத்து அழுத்தினால் வருமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. இதற்குப் பெயர் 'கிரில்'.

இதை அழகுக்காகச் செய்யவில்லை. 1860-களில் அமெரிக்க தபால் துறைக்கு ஒரு பயம் இருந்தது. உபயோகித்த ஸ்டாம்பில் இருக்கும் முத்திரை மையைக் கழுவிவிட்டு, மக்கள் அதையே மறுபடியும் ஒட்டி அனுப்புகிறார்கள் என்பதுதான் அது. அதற்கு சார்லஸ் ஸ்டீல் என்பவர் 1867-ல் காப்புரிமை பெற்ற ஒரு வழி இருந்தது. ஸ்டாம்ப் அச்சான பிறகு கூர்மையான புள்ளிகள் கொண்ட உருளையால் அதை அழுத்துவது. காகிதத்தின் நார்கள் அங்கங்கே உடையும். முத்திரை குத்தும்போது மை அந்த உடைப்புக்குள் இறங்கிவிடும். அதன்பின் கழுவினாலும் போகாது.

நேஷனல் பேங்க் நோட் கம்பெனி அச்சிட்ட ஸ்டாம்புகளில் இந்த முறை வந்தது. முதலில் ஸ்டாம்ப் முழுக்க கிரில் போட்டார்கள். அப்படிப் போட்டதில் காகிதம் பலவீனமாகி கிழிய ஆரம்பித்தது. பிறகு அளவைக் குறைத்தார்கள். மறுபடி குறைத்தார்கள். இப்படி மாற்றி மாற்றிப் பார்த்ததில் பல அளவுகளில் கிரில்கள் வந்துவிட்டன. சில வருஷங்களில் இந்த முறையையே கைவிட்டார்கள்.

அப்போது யாரும் இதைப் பெரிதாகக் கவனித்த மாதிரி தெரியவில்லை. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்லியம் ஸ்டீவன்சன் என்ற சேகரிப்பாளர்தான் கிரில்களை அளந்து, புள்ளிகளை எண்ணி, ஏ, பி, சி என்று வரிசையாகப் பெயர் வைத்தார். ஒரு வகை மட்டும் எந்தக் காலகட்டத்தில் வந்தது என்று அவருக்குப் பிடிபடவில்லை. அதனால் அதற்கு ஆங்கில எழுத்து வரிசையின் கடைசி எழுத்தைக் கொடுத்தார். அதுதான் 'இசட் கிரில்'. அகலம் சுமார் 11 மில்லிமீட்டர், உயரம் சுமார் 14 மில்லிமீட்டர். மற்ற கிரில்களில் புள்ளிகளின் முகடு செங்குத்தாக இருக்கும். இதில் படுக்கைவசத்தில் இருக்கும்.

முக்கியமான விஷயம் இங்கேதான் இருக்கிறது. 'இசட் கிரில்' என்றாலே கோடிகள் என்று அர்த்தமில்லை. இதே கிரில் இருக்கும் 2 சென்ட் ஸ்டாம்ப் அவ்வளவு அரிதில்லை, அடிக்கடி ஏலத்துக்கு வருவதுதான். 1 சென்ட் ஸ்டாம்பில் இந்த கிரில் இருப்பது மட்டும் உலகத்தில் இரண்டே இரண்டுதான் தெரியவந்திருக்கிறது. அதில் ஒன்று நியூயார்க் பொது நூலகத்துக்குச் சொந்தம். பெஞ்சமின் மில்லர் என்ற மில்வாக்கி வழக்கறிஞர் 1925-ல் தன் சேகரிப்பை நூலகத்துக்குக் கொடுத்தபோது அதுவும் சேர்ந்து போனது. நூலகம் அதை விற்கப் போவதில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

ஆக, பணம் கொடுத்து வாங்கக்கூடியது என்று பார்த்தால் மிச்சம் ஒன்றுதான். 19-ம் நூற்றாண்டின் அமெரிக்க ஸ்டாம்ப் ஒவ்வொன்றும் தன் ஆல்பத்தில் இருக்க வேண்டும் என்று நினைக்கும் எந்தப் பணக்காரரும் கடைசியில் இந்த ஒன்றின் முன்னால் வந்து நிற்க வேண்டியதுதான். 36 கோடிக்குக் காரணம் ஃபிராங்க்ளினும் இல்லை, அந்த நீல நிறமும் இல்லை. ஒரே ஒரு காலிக் கட்டத்தை நிரப்ப ஒரே ஒரு பொருள்தான் இருக்கிறது என்பதுதான்.

இதை விற்றது யார்?

பில் கிராஸ். பிம்கோ என்ற முதலீட்டு நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். வால் ஸ்ட்ரீட்டில் 'பாண்ட் கிங்' என்று அழைக்கப்பட்டவர். பல ஆயிரம் கோடி டாலர் கடன் பத்திரங்களை நிர்வகித்த மனிதர்.

இவருக்கும் ஸ்டாம்புக்கும் உள்ள உறவு கொஞ்சம் கசப்பில்தான் தொடங்கியது. மகனின் கல்லூரிச் செலவுக்கு உதவும் என்று நம்பி, அவருடைய அம்மா போஸ்ட் ஆபீஸில் புது ஸ்டாம்புகளை முழு ஷீட்டாக வாங்கி வாங்கி பத்திரப்படுத்தி வைத்தார். மகன் வளர்ந்து அவற்றை விற்கப் போனபோது, அம்மா கொடுத்த பணம்கூட திரும்பக் கிடைக்கவில்லை. இதை கிராஸே பலமுறை சொல்லியிருக்கிறார். அவரது அம்மா மாதிரியே லட்சக்கணக்கான பேர் வாங்கி வைத்திருந்ததுதான் பிரச்னை. எல்லோரிடமும் இருக்கும் பொருளை யார் விலை கொடுத்து வாங்குவார்கள்?

பெரியவரான பிறகு கிராஸ் வேறு வழியில் போனார். சாதாரண ஸ்டாம்புகளை விட்டுவிட்டு, மிக அரிதானவற்றை மட்டும் குறிவைத்தார். 2005-ல் கடைசிக் கட்டம் பாக்கி. அந்த இசட் கிரில் அப்போது மிஸ்டிக் ஸ்டாம்ப் கம்பெனியிடம் இருந்தது. அவர்கள் அதை 1998-ல் 9 லட்சத்து 35 ஆயிரம் டாலருக்கு வாங்கியிருந்தார்கள். கிராஸ் நேரடியாகப் பணம் கொடுக்கவில்லை. 1918-ல் விமானம் தலைகீழாக அச்சான புகழ்பெற்ற 'இன்வர்ட்டட் ஜென்னி' ஸ்டாம்பில், பிளேட் எண்ணோடு இருக்கும் நான்கு ஸ்டாம்ப் தொகுதி ஒன்றை ஏலத்தில் 29 லட்சத்து 70 ஆயிரம் டாலருக்கு எடுத்தார். அதை மிஸ்டிக் நிறுவனத்திடம் கொடுத்துவிட்டு, பதிலுக்கு இந்த 1 சென்ட் ஸ்டாம்பை வாங்கிக்கொண்டார். பண்டமாற்று! அதோடு அவருடைய 19-ம் நூற்றாண்டு ஆல்பம் முழுமையானது.

அப்போ கிராஸுக்கு நல்ல லாபம்தானே?

எல்லா செய்திகளிலும் '43.66 லட்சம் டாலர், சாதனை விலை' என்றுதான் தலைப்பு வந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் படம் வேறு மாதிரி இருக்கிறது.

முதலில், 43.66 லட்சம் என்பது வாங்கியவர் கொடுத்த தொகை. ஏலத்தில் சுத்தியல் விழுந்த விலை 37 லட்சம் டாலர். அதற்கு மேல் ஏல நிறுவனம் வாங்குபவரிடம் வசூலிக்கும் 18 சதவீதக் கட்டணம் சேர்ந்துதான் 43.66 லட்சம் ஆகிறது. விற்றவர் கைக்கு வருவது அதிகபட்சம் அந்த 37 லட்சம்தான்.

2005-ல் 29.7 லட்சம் மதிப்புள்ள பொருளைக் கொடுத்து வாங்கியது. 19 வருஷம் கழித்து 37 லட்சம். வருஷத்துக்கு சுமார் 1.2 சதவீத வளர்ச்சி. நம் ஊர் சேவிங்ஸ் அக்கவுன்டில் போட்டிருந்தால்கூட இதைவிட அதிகம் கிடைத்திருக்கும்.

விலைவாசி உயர்வையும் சேர்த்தால் இன்னும் மோசம். 2005-ன் 29.7 லட்சம் டாலருக்கு இணையான வாங்கும் சக்தி 2024-ல் வேண்டுமென்றால் சுமார் 47 லட்சம் டாலர் தேவை. அதாவது 'சாதனை விலை'க்கு விற்றும், உண்மை மதிப்பில் நஷ்டம். இதே காலத்தில் அமெரிக்க பங்குச் சந்தையின் எஸ் அண்ட் பி 500 குறியீடு சுமார் 1,200-லிருந்து 5,400-ஐத் தாண்டியது. டிவிடெண்டைக் கணக்கில் எடுக்காமலே நாலரை மடங்கு.

இதற்கு முந்தைய உரிமையாளர்களின் கதை அப்படியில்லை. 1986-ல் இந்த ஸ்டாம்ப் 4 லட்சத்து 18 ஆயிரம் டாலருக்குப் போனது. 12 வருஷத்தில் அது 9.35 லட்சமானது. அடுத்த 7 வருஷத்தில் மூன்று மடங்குக்கு மேல். ஒரே பொருள்தான், ஆனால் நுழைந்த நேரத்தைப் பொறுத்து ஒருவருக்கு லாபம், இன்னொருவருக்குப் பெருமை மட்டும். கிராஸ் இதைப் பணத்துக்காக வைத்திருந்தார் என்று சொல்வதும் நியாயமாக இருக்காது. 2007-ல் தன்னுடைய பிரிட்டன் ஸ்டாம்ப் சேகரிப்பை விற்று வந்த 91 லட்சம் டாலரை எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு நன்கொடையாகக் கொடுத்தவர் அவர். வாஷிங்டனில் இருக்கும் ஸ்மித்சோனியன் தேசிய அஞ்சல் அருங்காட்சியகத்தில் அவர் பெயரிலேயே ஒரு கேலரி 2013-ல் திறக்கப்பட்டது.

முதலீடு என்ற கோணத்தில் இன்னொரு ஸ்டாம்பின் கதை இதைவிடத் தெளிவாக இருக்கும்.

எரிக்கச் சொன்ன கடிதம்

அமெரிக்க அரசு நாடு முழுமைக்கும் பொதுவான ஸ்டாம்பை வெளியிட்டது 1847 ஜூலை 1-ம் தேதிதான். அதற்கு முந்தைய ஒன்றிரண்டு வருஷங்களில் சில ஊர் போஸ்ட்மாஸ்டர்கள் தாங்களாகவே ஸ்டாம்ப் அச்சடித்துக்கொண்டார்கள். வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியா ஊரில் அப்படி அச்சானவற்றில் நீலக் காகிதத்தில் இருப்பது ஒன்றே ஒன்றுதான் கிடைத்திருக்கிறது. சேகரிப்பாளர்கள் அதை 'புளூ பாய்' என்று செல்லமாக அழைக்கிறார்கள்.

அது ஒட்டப்பட்டிருப்பது ஒரு காதல் கடிதத்தில். 1847 நவம்பரில் ஜேம்ஸ் ஹூஃப் என்பவர் ஜேனட் பிரவுன் என்ற பெண்ணுக்கு எழுதியது. இரண்டு வீட்டாருக்கும் தெரியக்கூடாது என்பதால், வழக்கம்போல படித்ததும் எரித்துவிடு என்று கடைசியில் குறிப்பும் எழுதியிருந்தார். அந்தப் பெண் எரிக்கவில்லை. பின்னாளில் இருவருக்கும் கல்யாணம் நடந்தது. கடிதம் தையல் சாமான் பெட்டியோ அலமாரியோ எங்கோ பல வருஷம் கிடந்து, 1907-ல் மகள் கையில் கிடைத்தது.

1981-ல் இந்தக் கவர் 10 லட்சம் டாலருக்கு விற்பனையானது. அந்தக் காலத்துக்கு அது வாயைப் பிளக்க வைக்கும் விலை. 2019-ல் மறுபடி ஏலத்துக்கு வந்தபோது 11 லட்சத்து 80 ஆயிரம் டாலர்.

38 வருஷத்தில் 18 சதவீதம். விலைவாசி அதற்குள் சுமார் 2.8 மடங்கு ஏறிவிட்டது. 1981-ன் 10 லட்சம் அதே மதிப்பில் நிற்க வேண்டுமென்றால் 28 லட்சத்தைத் தொட்டிருக்க வேண்டும்.

என்ன நடந்தது? 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பணவீக்கம் எகிறியது. பணத்தை பேங்க்கில் வைத்தால் கரையும் என்று பயந்தவர்கள் தங்கம், வெள்ளி, ஓவியம், ஸ்டாம்ப் என்று கையில் கிடைத்ததை எல்லாம் வாங்கிக் குவித்தார்கள். ஸ்டாம்பைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களும் சந்தைக்குள் வந்தார்கள். 1980-களின் தொடக்கத்தில் வட்டி விகிதம் உச்சத்துக்குப் போனதும் அந்தக் கூட்டம் அப்படியே காணாமல் போனது. விலை சரிந்தது. உச்சத்தில் வாங்கியவர்களில் பலர் இன்று வரைக்கும் மீளவில்லை. தங்கம், கிரிப்டோ என்று இப்போது வரும் விளம்பரங்களைப் பார்க்கும்போது இந்தக் கதை ஞாபகத்துக்கு வராமல் இருக்காது.

சரி, ஒரு ஸ்டாம்புக்கு எப்படித்தான் விலை போடுறாங்க?

அமெரிக்க ஸ்டாம்புகளுக்கு அடிப்படை நூல் 'ஸ்காட் கேட்டலாக்'. ஜான் வால்டர் ஸ்காட் என்ற நியூயார்க் வியாபாரி 21 பக்கச் சிறு புத்தகமாக இதை முதலில் போட்டது 1868-ல். இசட் கிரில் வந்த அதே வருஷம் என்பது தற்செயல்தான். இன்றும் ஒவ்வொரு ஸ்டாம்புக்கும் ஸ்காட் எண் என்று ஒன்று உண்டு. அந்த 36 கோடி ஸ்டாம்பின் எண் 85ஏ.

இந்தப் புத்தகத்தில் இருக்கும் விலையைப் பார்த்துவிட்டு 'நம்ம கிட்ட இருக்கறது ஆயிரம் டாலர்' என்று குதிப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. கேட்டலாக் விலை என்பது 'மிக நல்ல நிலை'யில் இருக்கும் ஸ்டாம்புக்கான சில்லறை விலை. 19-ம் நூற்றாண்டு ஸ்டாம்புகளில் பெரும்பாலானவை அந்த நிலையில் இல்லை. அந்தக் கால அச்சு முறையில் ஸ்டாம்புகளுக்கு இடையே இடைவெளி ரொம்பக் குறைவு. துளையிடும் இயந்திரமும் துல்லியமாக இருக்காது. பல ஸ்டாம்புகளில் துளைகள் படத்துக்குள்ளேயே வெட்டிக்கொண்டு போகும். நான்கு பக்கமும் சமமான வெள்ளை ஓரம் இருந்தால், அதற்குத் தனி விலை.

அப்புறம் பின்பக்கப் பசை. உபயோகிக்காத ஸ்டாம்பில் அசல் பசை அப்படியே இருந்தால் விலை பல மடங்கு. 150 வருஷத்துக்கு முன்னால் இருந்தவர்கள் ஸ்டாம்பை ஆல்பத்தில் சின்னக் காகிதத் துண்டு வைத்து ஒட்டினார்கள். அந்தத் தடம்கூட இல்லாத ஸ்டாம்ப் கிடைத்தால் அது பெரிய விஷயம். யாரும் பார்க்காத பின்பக்கத்தில், நாக்கால் நக்கி ஒட்டவேண்டிய பசைக்கு இவ்வளவு பணமா என்று வெளியே இருந்து பார்ப்பவருக்கு வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் சந்தை அப்படித்தான் இயங்குகிறது. மெலிந்த இடம், மடிப்பு, சின்னக் கிழிசல், குறைந்த ஒரு பல் என எதுவானாலும் விலையில் பாதிக்கு மேல் போய்விடும்.

இதோடு முடியவில்லை. நிறம், அச்சுத் தகடு என்று உள்ளே போகப் போக நுணுக்கம்.

உள்நாட்டுப் போர் தொடங்கியபோது, தென் மாநில போஸ்ட் ஆபீஸ்களில் தேங்கியிருந்த ஸ்டாம்புகளை எதிரிகள் பணமாக்கிவிடக்கூடாது என்று வட பகுதி அரசு பழைய ஸ்டாம்புகளைச் செல்லாது என்று அறிவித்துவிட்டு, 1861-ல் புதுத் தொடரை வெளியிட்டது. ஒரு மாதிரி 'பணமதிப்பிழப்பு' நடவடிக்கைதான். அந்தத் தொடரில் வாஷிங்டன் முகம் இருக்கும் 3 சென்ட் ஸ்டாம்ப் 170 கோடிக்கும் மேல் அச்சானது. சாதாரண ரோஜா நிறத்தில் இருந்தால் ஒரு காபி விலைக்குக் கிடைக்கும். முதலில் வந்த அச்சில் 'பிங்க்' என்று சொல்லப்படும் நிறம் இருந்தால் நூற்றுக்கணக்கான டாலர். 'புறா ரத்தப் பிங்க்' என்று ஒரு சாயல் இருக்கிறது, அது ஆயிரக்கணக்கில் போகும். மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இல்லாவிட்டால் அனுபவசாலிகளே தடுமாறுவார்கள். மொபைலில் போட்டோ எடுத்து அனுப்பி 'இது பிங்க்கா ரோஸா' என்று கேட்பதில் அர்த்தமே இல்லை.

1851-ல் வந்த 1 சென்ட் நீல ஃபிராங்க்ளின் இன்னும் விசித்திரம். அச்சுத் தகட்டில் 200 ஸ்டாம்புகள். ஓரத்தில் இருக்கும் அலங்காரக் கோடுகள் ஒவ்வொன்றிலும் சற்று வித்தியாசமாக வெட்டுப்பட்டிருக்கும். அந்த அலங்காரம் முழுமையாக விழுந்திருப்பது முதல் தகட்டின் ஆரம்ப நிலையில் ஒரே ஒரு இடத்தில்தான். வலது பாதியில் ஏழாவது இடம். அந்த இடத்திலிருந்து வந்த ஸ்டாம்ப் என்றால் பல ஆயிரம் டாலர், பக்கத்து இடத்தில் இருந்து வந்தது என்றால் அதில் ஒரு சிறு பங்கு. ஸ்டான்லி ஆஷ்புரூக் என்ற ஆய்வாளர் இந்த ஒரு ஸ்டாம்பைப் பற்றி மட்டுமே தடித்த புத்தகம் எழுதினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தப்பாக அச்சானதுக்கு எப்பவும் மவுசு. 1869-ல் அமெரிக்கா முதல்முறையாக இரண்டு நிறத்தில் ஸ்டாம்ப் அச்சடித்தது. ஓரம் ஒரு முறை, நடுப்படம் ஒரு முறை என்று தாளை இரண்டு தடவை அச்சில் விட வேண்டும். சில தாள்களைத் தலைகீழாக விட்டுவிட்டார்கள். 15, 24, 30 சென்ட் ஸ்டாம்புகளில் நடுப்படம் கவிழ்ந்து நிற்கும். 15 சென்ட்டில் கொலம்பஸே கப்பலோடு தலைகீழாகக் கரையிறங்குவார். இவை எல்லாமே பெரும் பணக்காரர்களின் ஆல்பத்தில்தான் இருக்கின்றன.

வயசாயிட்டா விலை ஏறிடுமா?

இல்லவே இல்லை. இதுதான் மக்கள் மனதில் இருக்கும் பெரிய குழப்பம். 1893-ல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியை ஒட்டி வந்த கொலம்பியன் தொடரைப் பாருங்கள். 1 சென்ட்டில் தொடங்கி 5 டாலர் வரை 16 ஸ்டாம்புகள். மொத்த முகமதிப்பு 16 டாலர் 34 சென்ட். 'சேகரிப்பவர்களிடம் காசு பிடுங்கத்தான் 5 டாலர் ஸ்டாம்பு' என்று அப்போதே திட்டினார்கள். அதனால் அந்த 5 டாலர் ஸ்டாம்ப் 30 ஆயிரத்துக்கும் குறைவாகத்தான் அச்சானது. இன்று நல்ல நிலையில் இருந்தால் ஆயிரக்கணக்கான டாலர்.

அதே தொடரின் 2 சென்ட் ஸ்டாம்ப் 146 கோடிக்கு மேல் அச்சானது. 130 வயது தாண்டியும் உபயோகித்த ஸ்டாம்புக்கு இன்று சில சென்ட்தான். அதில் ஒரு வேடிக்கை உண்டு. 1 சென்ட் ஸ்டாம்பில் தூரத்தில் கரையைப் பார்க்கும் கொலம்பஸுக்கு மீசை தாடி எதுவும் கிடையாது. 2 சென்ட்டில் கரையிறங்கும்போது முகம் நிறைய தாடி. இரண்டு வெவ்வேறு ஓவியங்களைப் பார்த்து வரைந்ததால் வந்த வினை.

ஆக, வயசு ஒரு பொருட்டே இல்லை. எத்தனை மிச்சம் இருக்கிறது, அது எந்த நிலையில் இருக்கிறது, அதை வாங்க எத்தனை பேர் போட்டி போடுகிறார்கள் என்பதுதான் விலை. கடைசியாகச் சொன்னதுதான் இன்று ஸ்டாம்ப் உலகத்தின் கவலையும்கூட. கடிதம் எழுதும் பழக்கம் போய்விட்டது. அமெரிக்காவில் சேகரிப்பாளர்களில் பெரும்பாலானவர்கள் வயதானவர்கள். அவர்கள் ஐம்பது அறுபது வருஷமாகச் சேர்த்த ஆல்பங்கள் வரிசையாக சந்தைக்கு வருகின்றன. வாங்க அதே அளவு இளைஞர்கள் இல்லை. அதனால்தான் உச்சத்தில் இருக்கும் சில ஸ்டாம்புகளுக்கு சாதனை விலை கிடைக்கும் அதே நேரத்தில், நடுத்தர ஸ்டாம்புகள் கேட்டலாக் விலையில் ஒரு சிறு பங்குக்குக்கூடத் திணறுகின்றன.

போலி இருக்குமா?

நிறைய இருக்கும். இசட் கிரில்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கிரில் இல்லாத சாதாரண 1 சென்ட் ஸ்டாம்பை வாங்கி, பின்பக்கம் ஒரு உலோக அச்சை அழுத்தினால் 'கிரில்' தயார். பழைய ஸ்டாம்புக்குப் புதுப் பசை தடவுவது, முத்திரை மையை ரசாயனத்தால் அழிப்பது, கிழிந்த மூலைக்கு வேறு காகிதம் ஒட்டுவது, துளைகளை வெட்டிவிட்டு 'துளையில்லா ஸ்டாம்ப்' என்று விற்பது என்று இதில் தனிக் கலையே உண்டு. ஜான் டி ஸ்பெராட்டி என்பவர் 20-ம் நூற்றாண்டில் செய்த போலிகள் அவ்வளவு நேர்த்தி. அவர் இனி செய்யாமல் இருக்க, பிரிட்டிஷ் பிலாட்டலிக் அசோசியேஷனே அவருடைய சரக்கையும் உபகரணங்களையும் 1950-களில் விலைக்கு வாங்கிக்கொண்டது!

கண்டுபிடிக்கவும் வழி உண்டு. கறுப்புத் தட்டில் ஸ்டாம்பைக் கவிழ்த்து வைத்து, காகிதத்தைக் கெடுக்காத ஒரு திரவத்தை ஊற்றினால் ஒட்டுப்போட்ட இடமும் மெலிந்த இடமும் கறுப்பாகத் தெரியும். புற ஊதா விளக்கில் அழித்த முத்திரை மினுங்கும். கிரில்லின் புள்ளிகளை நுண்ணோக்கியில் எண்ணுவார்கள். நியூயார்க்கில் 1945 முதல் இயங்கும் பிலாட்டலிக் ஃபவுண்டேஷன், பென்சில்வேனியாவில் இருக்கும் அமெரிக்கன் பிலாட்டலிக் சொசைட்டி போன்றவை இப்படிப் பரிசோதித்து சான்றிதழ் கொடுக்கின்றன. 100-க்கு இத்தனை என்று மார்க் போடும் நிறுவனமும் உண்டு. விலை உயர்ந்த அமெரிக்க ஸ்டாம்பை சான்றிதழ் இல்லாமல் விற்பது கிட்டத்தட்ட பத்திரம் இல்லாமல் வீடு விற்பது மாதிரி. ரொம்பப் பழைய சான்றிதழையும் சந்தை அப்படியே ஏற்காது. அன்றைக்குக் கண்டுபிடிக்க முடியாத கைவேலை இன்றைய கருவியில் தெரிந்துவிடும் என்பதால், புதிதாக ஒரு முறை பார்த்துவிடுங்கள் என்பார்கள்.

தாத்தா ஆல்பத்துக்கு வருவோம்

யூடியூபில், ஃபேஸ்புக்கில் 'இந்த ஸ்டாம்ப் உங்க கிட்ட இருந்தா நீங்க கோடீஸ்வரர்' என்று வரும் வீடியோக்களில் இந்த நீல ஃபிராங்க்ளினும் அடிக்கடி தலைகாட்டுகிறார். பழைய நோட்டு, பழைய நாணயம் வாங்குகிறோம் என்ற பெயரில் கமிஷன், வரி என்று பணம் பறிக்கும் கும்பல்கள் பற்றி ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்ட்டில் எச்சரிக்கை வெளியிட்டது. ஸ்டாம்புக்கும் அதே வலைதான் வீசுவார்கள். உங்கள் பொருளை வாங்குகிறேன் என்று சொல்பவர், அதற்கு முன்னால் உங்களிடம் 'பதிவுக் கட்டணம்' கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

ஆன்லைன் விற்பனைத் தளங்களில் சாதாரண 1 சென்ட் ஸ்டாம்புக்கு லட்சக்கணக்கான டாலர் விலை போட்டிருப்பதைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். அது விற்பவர் கேட்கும் விலை. கேட்பதற்குக் காசா பணமா? விற்று முடிந்த விலை என்ன என்பதைத் தனியாகத் தேடிப் பார்க்க வசதி இருக்கிறது. சீகல் நிறுவனம் தன்னுடைய பழைய ஏலங்களின் விலைகளை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. மிக அரிதான அமெரிக்க ஸ்டாம்புகளுக்கு, இதுவரை தெரியவந்த ஒவ்வொரு பிரதியின் படமும் வரலாறும் சேர்ந்த பட்டியலும் அங்கே உண்டு.

ஆல்பத்தில் அமெரிக்க ஸ்டாம்ப் இருந்தால் ஒரு காரியம் மட்டும் செய்யாதீர்கள். கவரில் ஒட்டியிருப்பதைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்காதீர்கள். 19-ம் நூற்றாண்டு ஸ்டாம்ப் பலவற்றுக்கு, அது போன கவரும் முத்திரையும் வழித்தடமும் சேர்ந்துதான் மதிப்பு. புளூ பாய் தனியாகக் கிடைத்திருந்தால் அதன் கதை யாருக்குத் தெரிந்திருக்கும்?

இனி என்ன?

பில் கிராஸின் முழுமையான ஆல்பம் இன்று இல்லை. 2018-ல் ஒரு பகுதி, 2024-ல் இன்னொரு பகுதி என்று தனித்தனியாக ஏலம் போய், ஆளுக்கொன்றாகச் சிதறிவிட்டது. இசட் கிரில்லை வாங்கியவருக்கு அதன் பின்பக்கத்தில் இருக்கும் அந்தப் புள்ளிகள் சொந்தமாகிவிட்டன. 19-ம் நூற்றாண்டு அமெரிக்க ஸ்டாம்புகள் அத்தனையும் மறுபடி ஒரே ஆல்பத்தில் சேர வேண்டுமென்றால், அவர் மற்றவர்களிடம் போய் வாங்க வேண்டும். இல்லையென்றால் வேறொருவர் இவரிடம் வந்து கேட்க வேண்டும். மில்லர், 1986-ல் இதை வாங்கிய ராபர்ட் சோல்னர், பிறகு கிராஸ் என்று அதைச் செய்து முடித்தவர்கள் இதுவரை மூன்றே பேர்.